சனிக்கிழமைத் தப்புக் கச்சேரி

நான் ஓய்வு பெற்றவள். மருத்துவத்திலிருந்து அல்ல, அதில் இப்போதுதான் காலெடுத்து வைத்திருக்கிறேன். நான் ஓய்வு பெற்றது பரீட்சை எழுதும் தொழிலிலிருந்து. வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய வேண்டுமானால் முதலில் ஒரு தகுதித் தேர்வில் தேற வேண்டும். அந்தத் தேர்வை நான் இருபதுகளில் எழுதினேன், முப்பதுகளில் எழுதினேன், நாற்பதைத் தாண்டியும் எழுதினேன். இத்தனை சர்வீஸ் போட்டவளிடம் நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னால் நாலோடு நிறுத்துவேனா?

மயிலாப்பூரில் பாத்திரக் கடை மாடியில் சனிக்கிழமைகளில் கூடும் நம் கூட்டத்தில் புதிதாகச் சேரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்குத் தலையில் டை இருக்கும், வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கும், "இந்த வயசுல என்ன பரீட்சை" என்று கேட்கும் சொந்தக்காரர் ஒருவராவது நிச்சயம் இருப்பார். எந்தப் புத்தகம், எந்த ஆப், தினமும் எத்தனை மணி நேரம் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதை உங்கள் வயதில் பாதி இருக்கும் பிள்ளைகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். இனிமேல் படிப்பு ஏறுமா என்று மட்டும் கேட்டால் சொல்கிறேன்: ஏறும். மூளைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. நம்மைப் போன்றவர்கள் தோற்பது மறதியால் இல்லை, நடுவில் பார்த்த வேலையால்.

என் வேலையைச் சொல்கிறேன். ரஷ்யாவில் படித்துவிட்டு வந்து, எழுதித் தேறாமல், கல்யாணம் குழந்தை என்று ஆன பிறகு, தி. நகரில் ஒரு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் கிளெய்ம்களைப் படித்துவிட்டு, கொடுக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. நோயாளி சொல்லும் எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் அங்கே கெட்டிக்காரத்தனம் என்று பெயர். 'குடிப்பழக்கம் இல்லை' என்று இருந்தால் கல்லீரல் ரிப்போர்ட்டைத் தேடுவேன். 'போன மாதம்தான் சர்க்கரை என்று தெரிந்தது' என்றால் கண் டாக்டரிடம் போன பழைய சீட்டு எங்கே என்று கேட்பேன். எங்கோ ஒருவர் பொய் சொல்லியிருப்பார், அவருக்காக எல்லாரையும் சந்தேகப்படுவோம். என்னுடைய மூக்கு அப்படிப்பட்டது என்று மேனேஜர் பெருமையாகச் சொல்வார். ஆபீசில் எல்லாரும் 'டாக்டர் மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

வீட்டில் இன்னும் மோசம். மந்தைவெளியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் யாருக்காவது உடம்புக்கு வந்தால், படித்த பொண்ணாச்சே என்று என் வாசலில் வந்து நிற்பார்கள். கைக்குழந்தை சூட்டில் துவண்டு கிடக்கும். "நான் பாக்கக் கூடாதுங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தால் சோறு இறங்காது. என் கணவர் நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. ஒருநாள் விருந்தாளிகள் முன்னால், "எங்காத்துல ஒரு டாக்டர் இருக்கா, ஆனா ஜுரம் வந்தா ஆட்டோ பிடிச்சு வேற டாக்டர்கிட்ட போயிண்டிருக்கோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த வாரமே பாத்திரக் கடை மாடியை விசாரித்துக்கொண்டு போனேன்.

அந்த மாடிக்குச் சொந்தக்காரர் கடை முதலாளி. அதைச் சனிக்கிழமைகளில் நமக்கு வாங்கிக் கொடுத்தவர், அபிராமபுரத்தில் வாழ்நாளெல்லாம் பொது மருத்துவம் பார்த்த ஒரு டாக்டர் அம்மா. கடைக்காரர் அவருடைய பழைய பேஷண்ட். தன் பெயரை எங்கும் போடக் கூடாது என்பது அந்த அம்மாவின் கண்டிப்பு, அதனால் இங்கேயும் போடவில்லை. அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் மருத்துவம் பார்க்கும் உரிமை உண்டு. மற்ற நாங்கள் எல்லாரும் பட்டம் வாங்கியவர்கள், பதிவு இல்லாதவர்கள். படித்த ஊரை வைத்துத்தான் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வோம். நான் ரஷ்யா. ஜார்ஜியா என்று ஒருவர், வங்கியில் வேலை. பிலிப்பைன்ஸ் என்று ஒரு பெண், இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய். உக்ரைன் என்று இன்னொருவர். சீனாவில் படித்த இம்ரான் மட்டும், சீனா என்று எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான், அதனால் அவன் இம்ரானாகவே இருந்துவிட்டான். ராயப்பேட்டைக்காரன், முப்பத்தெட்டு வயது, குடும்பத்துக்குத் தோல் பை வியாபாரம். கடையில் கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்து உடற்கூறியல் படிப்பான்.

மாடியில் பாடம் நடத்துவது கிடையாது. அங்கே நடப்பது தப்புக் கச்சேரி. மாதிரித் தேர்வு முடிந்ததும் ஒவ்வொருவரும் தான் தவறாக எழுதிய ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, நடுவில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார வேண்டும். சரியான விடை என்ன என்று யாரும் சொல்லக் கூடாது. ஏன் அந்தத் தவறான விடையைத் தேர்ந்தெடுத்தோம் என்று தன் மனது போன வழியை முதலிலிருந்து கடைசி வரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டாக்டர் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்பது போலத் தொடையில் விரலைத் தட்டிக்கொண்டு கேட்பார். தாளம் நின்றுவிட்டால் அந்த இடத்தில்தான் கோளாறு என்று அர்த்தம்.

என் முதல் சனிக்கிழமை நான் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்ல மாட்டேன், எனக்கும் மானம் உண்டு. நான் எடுத்த கேள்வி இது. ஐம்பது வயது ஆண், பருமனான உடம்பு, சர்க்கரை நோய், மது அருந்தும் பழக்கம் இல்லை, கல்லீரலில் கொழுப்பு. காரணம் என்ன? மது என்று எழுதியிருந்தேன்.

"அவர் குடிக்கிறதில்லைன்னு போட்டிருக்கே," என்றார் ஜார்ஜியா.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க சார்," என்றேன். "வீட்டுக்காரி பக்கத்துல நின்னிருப்பா. அதான் சொல்லல."

அறையே சிரித்தது. இம்ரான் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "இன்னாக்கா நீ, கேள்வில இல்லாத பொண்டாட்டிய எங்கேர்ந்து இட்டாந்த?" என்றான்.

டாக்டர் அம்மாவின் தாளம் நின்றிருந்தது. அவர் சிரிக்கவில்லை. "ஏண்டிம்மா, அந்த மனுஷன் பொறந்ததே இந்தக் கேள்விக்குள்ள. இதுக்கு வெளியில அவனுக்கு வீடும் இல்லை, வாசலும் இல்லை. அவன் பொய் சொல்ல எங்கே கத்துண்டான்?" என்றார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த கேள்வியைப் பார்த்தேன். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துப் போகும் பெண், படபடப்பு, கை நடுக்கம். தைராய்டு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அவள் ரகசியமாகப் பட்டினி கிடக்கிறாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். இப்படிப் புரட்டப் புரட்ட, தவறிய கேள்விகளில் முக்கால்வாசி ஒரே வியாதி. பாடம் எனக்குத் தெரிந்திருந்தது. நோயாளியைத்தான் நான் நம்பவில்லை.

இதைத்தான் முதலில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இடையில் பார்த்த வேலை நம் கையைப் பிடித்துத் தவறான விடைக்கு இழுத்துக்கொண்டு போகும். ஜார்ஜியா வங்கிக்காரர், எதற்கெடுத்தாலும் இன்னும் ஒரு பரிசோதனை வேண்டும் என்பார். பிலிப்பைன்ஸ் தாய், எந்தக் குழந்தைக்கும் ஆபத்து இல்லாத விடையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பாள். இம்ரான் வியாபாரி, இரண்டு விடைக்கு நடுவில் பேரம் பேசிக்கொண்டே நேரத்தைத் தொலைப்பான். உங்கள் கை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று முதல் மாதத்திலேயே கண்டுபிடித்து விடுங்கள். புத்தகத்தை அதற்குப் பிறகு திறந்தால் போதும்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீசில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. மருத்துவப் பிரிவுக்கே தலைமை, கண்ணாடி அறை, சுழல் நாற்காலி. வேலை கூடும், படிப்பதற்கு லீவெல்லாம் கேட்கக் கூடாது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஜூன் மாதத் தேர்வில் தேறாவிட்டால் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவது, அதற்குப் பிறகு டாக்டர் என்ற பேச்சையே எடுப்பதில்லை என்று கணவரிடமும் சொல்லிவிட்டேன். சொன்னது சும்மா இல்லை. எனக்கு உள்ளூரச் சலித்துப் போயிருந்தது.

பங்குனித் திருவிழா வந்தது. அறுபத்துமூவர் ஊர்வலம் அந்த வருடம் எங்கள் சனிக்கிழமையில் வந்து விழுந்தது. புத்தியுள்ளவர்கள் அன்று வகுப்பு வைப்பார்களா? நாங்கள் வைத்தோம். மாட வீதி முழுக்கத் தலைகள், மேளச் சத்தம், நீர்மோர்ப் பந்தல்கள். காலையிலேயே வந்து மாடியில் அடைந்துகொண்டோம். டாக்டர் அம்மாவால் கூட்டத்தைத் தாண்டி வர முடியவில்லை, இன்று நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்று போனில் சொல்லிவிட்டார்.

மதியத்துக்கு மேல் நடுவில் உட்கார்ந்திருந்தது இம்ரான். தன் தவறான விடையைச் சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தி நெஞ்சைத் தேய்த்தான்.

"இன்னாடா?" என்றார் ஜார்ஜியா.

"ஒண்ணுமில்ல. நேத்து எங்க மாமா வூட்டுக் கல்யாணம். பிரியாணி கொஞ்சம் ஜாஸ்தி ஆய்ட்ச்சி. கேஸ் மாதிரி கீது."

நெற்றியெல்லாம் வியர்வை. மின்விசிறி அவனுக்கு நேர் மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது. இடது தாடையைப் பல் வலிக்காரன் போலப் பிடித்துக்கொண்டான்.

அப்போது அந்த அறையில் நடந்ததை நீங்கள் வேறு எங்கேயும் பார்க்க முடியாது. நிறைய டாக்டர்கள், ஒரு நோயாளி, ஆளுக்கொரு விடை. முப்பத்தெட்டு வயதில் மாரடைப்புக்கு வாய்ப்பு குறைவு என்றார் ஒருவர். கணையமாக இருக்கலாம் என்றார் இன்னொருவர். "இந்தக் கட்டத்துல அடுத்து செய்ய வேண்டியது எதுன்னு கேட்டா" என்று ஜார்ஜியா ஆரம்பித்தார். பிலிப்பைன்ஸ் அவனிடம் வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லச் சொன்னாள். வியர்த்து வழிந்துகொண்டிருந்த இம்ரானும் விடவில்லை. "ஆப்ஷன் டி மச்சி, மேலே சொன்ன எதுவுமில்ல. பிரியாணி," என்றான். தப்புக் கச்சேரி அவன் உடம்பின் மேலேயே நடந்துகொண்டிருந்தது.

எனக்கும் ஒரு கணம் தடுமாற்றம்தான். கேஸ் என்று அவனே சொல்கிறானே. நோயாளியை நம்பு என்று மாதக் கணக்கில் மனதுக்குச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறேன். பழைய மூக்கோ, இவன் பொய் சொல்கிறான் என்கிறது. இரண்டையும் தள்ளிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். வலி உண்மை. பிரியாணி என்பது அவன் அந்த வலிக்குச் சொல்லும் காரணம். வலியைச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு, காரணத்தைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. எனக்கு அன்றைக்குத்தான் அது புரிந்தது.

"எல்லாரும் வாயை மூடுங்க," என்று கத்தினேன். "இவனுக்கு ஹார்ட்டு. இல்லேன்னா நாளைக்கு எல்லாரும் சேர்ந்து என்னைக் கிண்டல் பண்ணுங்க. பிலிப்பைன்ஸ், ஆம்புலன்சுக்குப் போன் போடு!"

ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் மாட வீதிக்குள் நுழைய முடியாது, கச்சேரி ரோடு பக்கம் நிற்கிறோம், நோயாளியை நடக்க விடாமல் கொண்டு வாருங்கள் என்றார்கள். நடக்க விடக் கூடாது என்று எங்களுக்கும் தெரியும். அவன்தான், "நான் நடந்தே வரேன்கா, மானம் போவுது" என்று எழுந்தான். தோளைப் பிடித்து அழுத்தி, அவன் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியோடு நான்கு பேர் தூக்கினோம். படியில் இறங்கும்போது, "ஜார்ஜியா, உங்க பக்கம் சாயுது! உக்ரைன், காலைப் பிடிங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழே பாத்திரம் வாங்க வந்தவர்கள் ஏதோ போர் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

வீதியில் சுவாமி ஒரு பக்கம் வர, நாங்கள் எதிர்ப் பக்கம் போனோம். ஒரு போலீஸ்காரர் ஓடி வந்து மறித்தார். "இன்னாம்மா இது, இம்மாங் கூட்டத்துல சேரைத் தூக்கிக்கினு?"

"ஹார்ட் அட்டாக் சார்."

அவர் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. சிலர் என்ன ஏது என்று தெரியாமலே நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். மோர்ப் பந்தலில் ஒருவர் டம்ளரை நீட்ட, இம்ரான் வாங்கக் கை நீட்டினான், நான் அந்தக் கையில் ஒன்று போட்டேன். கை சில்லென்று இருந்தது. இவன் இந்த வீதியிலேயே போய்விட்டால் என்ன செய்வேன், எனக்கு என்ன செய்யத்தான் அனுமதி உண்டு என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

ஆம்புலன்ஸ் கதவைத் திறந்த இளைஞன் எங்களைப் பார்த்தான். நாங்கள் சுருக்கமாகச் சொன்ன விவரத்தைக் கேட்டவன், "உங்கள்ல டாக்டர் யாரு?" என்றான்.

நாற்காலியைத் தூக்கி வந்த நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பதில் சொன்னது இம்ரான்தான், மூச்சு வாங்க.

"எல்லாரும் டாக்டருதான்பா. எவனாண்டயும் பேப்பர் இல்ல, அவ்ளோதான்."

அந்த இளைஞன் சிரிக்கவில்லை. "சரி, யாராவது ஒருத்தர் ஏறுங்க," என்றான். நான் ஏறினேன்.

மாரடைப்பேதான். ரத்தக் குழாய் அடைப்பை அன்றைக்கே நீக்கினார்கள். சரியான நேரத்துக்குக் கொண்டு வந்தீர்கள் என்றார் அங்கே இருந்த டாக்டர், என் வயதில் பாதிதான் இருப்பார். ஆஸ்பத்திரி வராந்தாவில் இம்ரானின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. டாக்டர் அம்மா அபிராமபுரத்திலிருந்து எப்படியோ சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோதுதான் உடைந்து போய் அழுதேன்.

அவர் ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. "அவன் கேஸ்னு சொன்னானாமே. நீ நம்பலையா?" என்று கேட்டார்.

"வலியை நம்பினேன் டாக்டர். பிரியாணியை நம்பலை."

"பரீட்சைக்கு அது போதும்," என்று சொல்லிவிட்டுக் காபி வாங்கி வரப் போனார்.

திங்கட்கிழமை தி. நகர் ஆபீசுக்குப் போய் மேனேஜரிடம் பதவி உயர்வு வேண்டாம் என்று சொன்னேன். அவருக்கு நிஜமாகவே வருத்தம். "மேடம், ஜூன்ல கிடைக்கலன்னா என்ன பண்ணுவீங்க? உங்க நல்லதுக்குச் சொல்றேன், ரிசல்ட் வரைக்கும் பொறுங்களேன்," என்றார்.

"கிடைக்கும் சார்," என்றேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் கதவருகே ஒருமுறை ஊமையாக நின்றவளுக்கு, இன்னொரு முறை அப்படி நிற்க முடியாது என்பது நிச்சயமாகத் தெரியும். அதற்குப் பெயர் தைரியம் என்றால் தைரியம்தான். பாதுகாப்புக்கு ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு நீங்களும் எழுதலாம், தவறில்லை. எனக்கு அது முதுகுக்குப் பின்னால் இருந்தவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தேர்வு நாளைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேள்வி. பிறந்து சில வாரமே ஆன குழந்தை, பால் குடித்த ஒவ்வொரு முறையும் பீய்ச்சி அடித்தாற்போல் வாந்தி எடுக்கிறது, உடனே மறுபடி பசித்து அழுகிறது. முறையாகத்தான் பால் கொடுக்கிறேன் என்கிறாள் தாய். விடைகளில் ஒன்று, பால் கொடுக்கும் முறை தவறு. இன்னொன்று, இரைப்பையின் கீழ்வாய் குறுகியிருக்கிறது. பழைய விரல் முதல் விடைக்குத்தான் போயிற்று. புதுத் தாய், அவளுக்கு என்ன தெரியும், மறைப்பாள். அப்புறம் என் வாசலில் குழந்தையோடு வந்து நின்ற தாய்மார்கள் எல்லாரும் ஞாபகம் வந்தார்கள். அவர்களில் ஒருத்திகூட என்னிடம் பொய் சொன்னதில்லை. முறையாகத்தான் கொடுக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டாவது விடையை அழுத்தினேன்.

கடைசியில் கொஞ்சம் நேரம் மிஞ்சியது. மறுபடி பார்க்கலாம் என்று அடையாளம் போட்டு வைத்த கேள்விகள் நிறைய இருந்தன. வயதானவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். சின்னப் பிள்ளைகள் தெரியாததை மாற்றுவார்கள், நாம் தெரிந்ததை மாற்றுவோம். நான் எனக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். கேள்வியைத் தவறாகப் படித்துவிட்டேன் என்று கண்ணால் கண்டால் மட்டும் விடையை மாற்றுவேன். மனது உறுத்துகிறது என்பதற்காக மாற்ற மாட்டேன். உறுத்துவது நம் அறிவு இல்லை, பல வருடம் தோற்ற பழக்கம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தேறினேன். ரிசல்ட்டைக் கணவரிடம் காட்டியபோது அவர் கேலி எதுவும் செய்யவில்லை. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். இம்ரான் உடம்பு தேறி அடுத்த தேர்வில் எழுதினான், அவனும் தேறிவிட்டான். விடைகளோடு பேரம் பேசுவதை அவன் விட்டதே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஊர்வலம் போன பிறகுதான். சிகரெட்டையும் விட்டுவிட்டேன் என்கிறான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் பழைய மூக்கை நான் இன்னும் ஓய்வுபெற விடவில்லை.

பயிற்சி வருடம் முழுக்க, என் மகளைவிடக் கொஞ்சமே பெரியவர்களான பிள்ளைகளோடு வார்டு வார்டாக ஓடினேன். அவர்கள் என்னை 'ஆன்ட்டி' என்றார்கள், பிறகு 'மேம்' என்றார்கள், மாதக் கடைசியில் சந்தேகம் கேட்க வந்தார்கள். அதெல்லாம் ஒரு குறையே இல்லை. பதிவு வந்தது. அடையாறில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் பணிக்குச் சேர்ந்தேன்.

சேர்ந்த முதல் வாரம். ஒரு பிற்பகல், ஓர் இளைஞர் தன் அம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா முதுகு வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்கிறார். மகன் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் நின்ற ஆண் நர்சைப் பார்த்து, "டாக்டர் யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பினார். "பெருசா ஒண்ணுமில்ல டாக்டர். எங்கம்மா எப்பவுமே இப்படித்தான், எதாவது வலி சொல்லிக்கினே இருப்பாங்க. ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க."

அந்த அம்மாவின் புடவைத் தலைப்பு வியர்வையில் நனைந்திருந்தது. மகனின் பேச்சுக்குப் பயந்து, "ஆமாம்மா, ஒண்ணுமில்லதான்" என்றார் அவரும்.

"வலிக்குதுன்னு சொன்னீங்க இல்லம்மா? அப்ப வலிக்குது. எங்கேன்னு காட்டுங்க," என்றேன். அவர் காட்டினார். ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிவிட்டு, என்ன மருந்து என்று நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, இருதய சிகிச்சை உள்ள ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்து அனுப்பி வைத்தேன். பிழைத்துக்கொண்டார்.

வேலை முடிந்ததும் இம்ரானைக் கூப்பிட்டேன். அவன் அப்போது பயிற்சி மருத்துவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, டாக்டர் யாருன்னு கேட்டானே, பேப்பரக் காட்டுனியா?" என்றான்.

"கேக்கவே இல்லடா."

"இன்னாக்கா இது? இத்தினி வருஷம் அதுக்கோசரம் உயிரைக் குடுத்துப் படிச்சிகினு கீறோம், ஒருத்தன் கேக்க மாட்டேன்றான்!"

"அதுக்குத்தாண்டா அந்தப் பேப்பர்," என்றேன். "அந்த அம்மா கேக்காமலே நம்பினாங்களே, அந்த நம்பிக்கை பொய்யாகாம இருக்கத்தான்."